வாசகர் கேள்வி: பிட் ஸ்டாப்பில் எவ்வளவு எரிபொருள்?

கேள்வி: ஐரேசிங் என்ற இணையவழிக் கார்ப் பந்தய விளையாட்டில் நான் புதியவன். பந்தயத்தின் நடுவே எரிபொருள் நிரப்ப நிறுத்தும் பிட் ஸ்டாப்பில் ஒவ்வொரு முறையும் டேங்கை முழுவதுமாக நிரப்பிவிடுகிறேன். இது சரியா?

பதில்: பாதுகாப்பானதுதான், ஆனால் வீண். தேவைக்கு மேல் ஏற்றும் ஒவ்வொரு லிட்டரும் பிட்டில் நேரத்தைத் தின்பதோடு, ஏறக்குறைய முக்கால் கிலோ எடையாகக் காரில் அமர்ந்து வேகத்தையும் குறைக்கிறது.

பயிற்சியின்போது சில சுற்றுகளைப் பந்தய வேகத்திலேயே ஓட்டி, ஒரு சுற்றின் சராசரிச் செலவைக் குறித்துக்கொள்ளுங்கள். சுற்றுக்கு 2.8 லிட்டர் செலவாகி, பிட்டுக்குள் நுழையும்போது 12 சுற்றுகள் மீதமிருந்தால் தேவை 33.6 லிட்டர், டேங்கில் 5 லிட்டர் இருக்குமானால் 28.6 போதும். ஒரு சுற்றுக்கான உபரியையும் சேர்த்து 32 என்று, எஃப்4 விசையை அழுத்தினால் வரும் எரிபொருள் கட்டத்தில் முன்கூட்டியே பதிந்துவிடுங்கள். அங்கே குறிக்க வேண்டியது புதிதாக ஏற்றும் அளவே தவிர, டேங்கின் மொத்த அளவல்ல. அவசரத்தில் பலர் குழம்புவது இங்கேதான்.

நேரக்கணக்கில் நடக்கும் பந்தயமானால், நேரம் முடிந்த பிறகும் முன்னணியில் இருப்பவர் முடிவுக் கோட்டைக் கடக்கும் வரை ஓட்டம் நீளும் என்பதால், அந்தச் சுற்றையும் கணக்கில் சேர்த்துக்கொள்ள வேண்டும். அப்படியும் பற்றாக்குறை வந்தால், பிரேக் பிடிக்கும் இடத்துக்குச் சற்று முன்பே ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்துவிடுங்கள். சிறிது நேரம் இழந்தாலும் எரிபொருள் மிஞ்சும்.