அப்பத்தாவின் கனவைச் சோதிக்க ஒரு நோட்டு

அப்பத்தா கனவில் கண்ட இரண்டு சாவுகள் அப்படியே நடந்துவிட்டதால், உங்கள் அப்பச்சி பினாங்குப் பயணத்தையே தள்ளிப்போடுகிறார் என்று எழுதியிருக்கிறீர்கள். அறிவியல் இதையெல்லாம் தொட்டுக்கூடப் பார்ப்பதில்லை என்ற உங்கள் கோபம் மட்டும் சரியல்ல. 1930களிலேயே அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழகத்தில் ஜே.பி. ரைன் என்ற ஆய்வாளர், மறைத்து வைத்த சீட்டில் என்ன குறி இருக்கிறது என்று பார்க்காமலே சொல்ல முடியுமா என்று 25 சீட்டுகளை வைத்துச் சோதித்தார். மொத்தம் ஐந்து வகைக் குறிகள், குருட்டாம்போக்கில் சொன்னாலே சராசரியாக 5 சரியாக வரும். அதைவிடக் கூடுதலாக வந்தது என்றார்; மற்றவர்கள் செய்து பார்த்தபோது அது நிலைக்கவில்லை. 2011இல் டேரில் பெம் என்ற அமெரிக்க உளவியலாளர், வரப்போவதை மனம் முன்கூட்டி உணர்கிறது என்று பெயர்பெற்ற உளவியல் இதழிலேயே எழுதினார். மறுசோதனையில் அதுவும் தேறவில்லை.

அப்பத்தாவிடம் வாதாடாதீர்கள், பாவம். பட்டாலையில் காலண்டருக்குக் கீழே ஒரு நோட்டு வையுங்கள். ஊரிலிருந்து போன் எதுவும் வருவதற்கு முன்பே, யாருக்கு, என்ன, எத்தனை நாளுக்குள் என்று அவர் சொல்வதைத் தேதியோடு எழுதிவிடுங்கள். ‘வெள்ளை வேட்டியில் யாரோ வந்தார்’ என்பது கணக்கில் சேராது; அதற்கு எந்தச் சாவும் பொருந்தும். பலிக்காத கனவுகளையும் விடாமல் எழுதுங்கள். அவற்றைத்தான் வீடே மறந்துவிடுகிறது. அவர் வயதில் பங்காளி வீடு, சம்பந்தி வீடு என்று துக்கச் செய்தி வந்துகொண்டேதான் இருக்கும்.

டிக்கெட்டை மட்டும் ரத்து செய்ய வேண்டாம். அப்பத்தாவையும் கூட்டிக்கொண்டு பிள்ளையார்பட்டியில் ஓர் அர்ச்சனை செய்துவிட்டு அப்பச்சி கிளம்பட்டும்.