மகள் பெயரை வரி ரிட்டர்னில் விட்டுவிட்டால் கல்வி உதவி கூடுமா?

கேள்வி: நியூ ஜெர்சியில் இருக்கிறோம், கிரீன் கார்டு குடும்பம். எங்கள் இருவர் வருமானமும் சேர்த்து வருடத்துக்குச் சுமார் 1,40,000 டாலர். மகளுக்கு 19 வயது, கல்லூரியில் இரண்டாம் ஆண்டு போகப்போகிறாள், பகுதிநேர வேலையில் 9,000 டாலர் சம்பாதிக்கிறாள். வரி ரிட்டர்னில் அவளை டிபென்டென்ட் (எங்களைச் சார்ந்திருப்பவள்) என்று காட்டாமல் விட்டால், ஃபாஃப்சாவில் (கல்வி உதவிக்கான அரசு விண்ணப்பம்) அவள் வருமானத்தை மட்டும்தான் பார்ப்பார்கள், பெல் கிராண்ட் (திருப்பிக் கட்ட வேண்டாத அரசு உதவி) முழுதாக 7,395 டாலர் வரும் என்கிறார் நண்பர் ஒருவர். செய்யலாமா?

பதில்: செய்யாதீர்கள். உங்கள் நண்பர் நல்லது நினைத்துத்தான் சொல்லியிருப்பார், ஆனால் டிபென்டென்ட் என்ற ஒரே சொல்லுக்கு வரித்துறையில் ஒரு அர்த்தம், கல்வித்துறையில் வேறு அர்த்தம். 2026-27 ஃபாஃப்சாவில் கேட்பது இதுதான்: மாணவி 2003 ஜனவரி 1-க்கு முன் பிறந்தவளா, கல்யாணம் ஆனவளா, முதுகலை படிக்கிறாளா, ராணுவத்தில் இருந்தவளா, அவள் காப்பாற்றும் குழந்தை உண்டா, 13 வயதுக்குப் பிறகு எப்போதாவது பெற்றோர் இருவரும் உயிரோடு இல்லாத நிலையில் இருந்தவளா, இப்படிச் சில. ஒன்றுக்காவது ஆமாம் என்று வந்தால்தான் உங்கள் வருமானத்தை விட்டுவிடுவார்கள். பெற்றோர் ரிட்டர்னில் அவள் பெயர் இருக்கிறதா என்ற கேள்வியே அதில் கிடையாது. அவள் தனி அபார்ட்மென்ட் எடுத்துத் தன் செலவைத் தானே பார்த்துக்கொண்டாலும் பதில் மாறாது. கல்லூரியில் போய் விதிவிலக்கு கேட்டாலும், பெற்றோர் டிபென்டென்ட் என்று காட்டவில்லை என்பது மட்டும் ஒரு காரணமாகாது, அது விதியிலேயே இருக்கிறது.

சரி, லாபம் இல்லை, நஷ்டம் எவ்வளவு? நீங்கள் கட்டும் ஃபீஸில் முதல் 2,000 டாலர் முழுதும், அடுத்த 2,000-த்தில் கால்வாசியும், ஆக 2,500 டாலர் அமெரிக்கன் ஆப்பர்ச்சூனிட்டி கிரெடிட் என்ற கல்லூரிச் செலவுச் சலுகையாக வரியில் கழியும். கணவன் மனைவி சேர்ந்து தாக்கல் செய்தால் 1,60,000 டாலர் வருமானம் வரை இந்தச் சலுகையில் வெட்டு கிடையாது, நீங்கள் அதற்குள்தான் இருக்கிறீர்கள். அவளை டிபென்டென்ட் என்று காட்டுவதற்கு இன்னொரு 500. வருடத்துக்கு 3,000 டாலர்! நீங்கள் விட்டால் கிரெடிட்டை அவள் கேட்கலாமே என்பார்கள். கேட்கலாம், ஆனால் 9,000 டாலர் சம்பளத்துக்கு அவளுக்கு வரியே வராது, கழிக்க எதுவும் இருக்காது, அவள் நிலையில் ரீஃபண்டாகவும் தரமாட்டார்கள். கையில் இருக்கும் பணத்தை இப்படிக் கொட்டிவிடுவதைப் பார்த்தால் எனக்கு வயிறு எரிகிறது.

இன்னொன்று. அவள் தன் ரிட்டர்ன் போடும்போது, வேறொருவர் உங்களை டிபென்டென்ட் என்று காட்ட முடியுமா என்று ஒரு கட்டம் வரும். 'காட்டினார்களா' என்று அல்ல, 'காட்ட முடியுமா' என்றுதான் அங்கே கேட்கிறார்கள். முழுநேரம் படிக்கிறாள், 24 ஆகவில்லை, பாதிக்கு மேல் செலவு அவளுடையது இல்லை, லீவுக்கு வீட்டுக்கு வருகிறாள் (ஹாஸ்டல் நாட்களும் உங்கள் வீட்டில் இருந்ததாகத்தான் கணக்கு), அதனால் நீங்கள் விட்டுவிட்டாலும் அவள் அங்கே டிக் செய்தே ஆகவேண்டும். அப்புறம், குடும்பத்தில் எத்தனை பேர் என்பதை ஃபாஃப்சா உங்கள் ரிட்டர்னிலிருந்துதான் முதலில் எடுக்கும். அவள் பெயர் இல்லாவிட்டால் ஒரு தலை குறையும், நீங்கள் கவனித்துத் திருத்தாவிட்டால் உதவியும் குறையலாம்.

உதவி கூட வேண்டுமென்றால் நேர்வழி இருக்கிறது. 2026-27-க்கு அவர்கள் பார்ப்பது 2024 வருமானம். அதற்குப் பிறகு உங்களில் ஒருவருக்கு வேலை போயிருந்தாலோ, பெரிய மருத்துவச் செலவு வந்திருந்தாலோ, லேஆஃப் கடிதத்தையும் பில்களையும் எடுத்துக்கொண்டு கல்லூரியின் ஃபைனான்ஷியல் எய்டு ஆபீஸுக்குப் போங்கள். கணக்கைத் திருத்தும் அதிகாரம் அவர்களுக்கு உண்டு, கேட்காதவர்களுக்கு அவர்களாகச் செய்யமாட்டார்கள். எதுவும் மாறவில்லை என்றாலும் ஃபாஃப்சாவைப் போட்டுவிடுங்கள், இரண்டாம் ஆண்டுக்கு 6,500 டாலர் வரை அவள் பெயரில் அரசுக் கடன் கிடைக்க அது வேண்டும்.

நண்பர் பேச்சைக் கேட்டுப் போன வருடமே அவள் பெயரை விட்டிருந்தால், தாக்கல் செய்த தேதியிலிருந்து 3 வருடத்துக்குள் 1040-எக்ஸ் என்ற திருத்த ரிட்டர்ன் படிவம் போட்டு அந்தப் பணத்தைத் திரும்ப வாங்கலாம். 'காட்ட முடியுமா' என்று கேட்கும் கட்டத்தில் அவள் தப்பாகப் பதில் கொடுத்திருந்தால் முதலில் அவள் ரிட்டர்னைத் திருத்துங்கள், பிறகு உங்களுடையதை.