அழுது சத்தியம் செய்தவன் மறுபடியும் ஏன் போகிறான்?

கேள்வி: என் மகனுக்கு வயது 23. தேசிய சேவை முடித்தபின் 'ஐஸ்' (மெத்தம்பெட்டமின்) என்ற போதைப் பழக்கம் வந்தது. அழுது சத்தியம் செய்து சில மாதங்கள் நிறுத்தியிருந்தான். பழைய நண்பன் இருக்கும் அடுக்குமாடி புளோக் பக்கம் போன அன்றே மறுபடியும் எடுத்துவிட்டான். எங்கள்மேல் பாசமே இல்லையா? தெரிந்தவர் ஒருவர் 4,000 வெள்ளிக்கு மூளையைச் சுத்தம் செய்யும் மூலிகை மருந்து தருவதாகச் சொல்கிறார். வாங்கலாமா? – வாசகி, உட்லண்ட்ஸ், சிங்கப்பூர்

பதில்: வாங்காதீர்கள், அம்மா.

ஐஸை நிறுத்தியவர்கள் முதல் சில நாள் அசந்து தூங்குவார்கள், நிறையச் சாப்பிடுவார்கள். எந்த மருந்தும் இல்லாமலே இது நடக்கும். அந்தத் தூக்கத்தைக் காட்டித்தான் இவர்கள் காசு வாங்குகிறார்கள். ஏக்கம் திரும்பும்போது மருந்து விற்ற ஆளைப் பிடிக்க முடியாது. ஐஸ் பழக்கத்துக்கென்று அங்கீகரிக்கப்பட்ட மாத்திரையே இன்னும் கிடையாது. பெயரில்லாத பாட்டிலில் எங்கிருந்து வரும்?

பாசம் பற்றிக் கேட்டீர்கள். பசிக்குச் சாப்பிடும்போதும் பிடித்தவரைப் பார்க்கும்போதும் மூளையில் டோபமின் என்ற, இன்ப உணர்வோடு தொடர்புள்ள ரசாயனம் கொஞ்சம் சுரக்கும். ஐஸ் அதைப் பல மடங்கு கொட்ட வைக்கிறது. ஓயாத இரைச்சலில் காதைப் பொத்திக்கொள்வோமே, அதுபோல மூளை டோபமினை ஏற்கும் இடங்களைக் குறைத்துக்கொள்கிறது. அப்புறம் நீங்கள் ஆசையாய் வைத்த மீன் குழம்புகூட அவனுக்குச் சப்பென்றிருக்கும். முகம் கொடுத்துப் பேசாததும் இதனால்தான். ஓராண்டுக்கு மேல் விலகியிருந்தவர்களின் மூளையில் இந்த டோபமின் அமைப்பு பெருமளவு மீண்டதை ஸ்கேன் படங்களில் பார்த்திருக்கிறார்கள்.

போதை கிடைத்த இடம், ஆள், லைட்டர் சத்தம் எல்லாவற்றையும் மூளை பதிந்துவைத்திருக்கும். அந்த புளோக்கின் மின்தூக்கிக் கதவு திறந்தாலே ஏக்கம் பொங்கும். அதை அடக்க வேண்டிய, நெற்றிக்குப் பின்னாலுள்ள பகுதி முதிர 25 வயதுவரைகூட ஆகும். போதை அதையும் பலவீனமாக்குகிறது. உங்களிடம் சத்தியம் செய்தபோது அவன் பொய் சொல்லவில்லை. அந்தப் பக்கம் போகாமலிருப்பதும் அந்த நண்பனின் எண்ணை அழிப்பதும் சிகிச்சையில் பாதி.

"டாக்டரிடம் போனால் மாட்டிக்கொள்வான், ரகசியமாகப் பார்த்துத் தருகிறேன்" என்பதுதான் இப்படி மருந்து விற்கும் தரகர்களின் பெரிய ஆயுதம். போதைக்கு அடிமையானவர் என்று தெரிந்தால் மருத்துவர் 7 நாளுக்குள் அதிகாரிகளுக்குத் தெரிவிக்க வேண்டும் என்பது இங்குள்ள விதி, உண்மைதான். எனக்கு அதில் வருத்தம் உண்டு. பயந்துபோய்ப் பிள்ளையை வீட்டுக்குள் மறைத்து, நிலைமை முற்றியபின் கூட்டிவரும் குடும்பங்களைப் பார்த்து அலுத்துவிட்டது. அந்தப் பயத்துக்கு யாராவது பொறுமையாக விளக்கம் தந்தால் தரகருக்குப் பிழைப்பே இருக்காது. ஆனாலும் பிடிபடும்வரை காத்திருப்பதைவிட, தானாக முன்வருவதே அவனுக்கு நல்லது. மனநலக் கழகத்தின் அடிமைப்பழக்க உதவி எண் 6732 6837. முதலில் நீங்களே பேசலாம்.

ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்கிறேன். ஐஸை ஒரே நாளில் நிறுத்தலாம். அவனுக்குக் குடிப்பழக்கமும் இருந்தால் கவனம், மது அப்படியல்ல. தினமும் நிறையக் குடிப்பவர் சட்டென்று நிறுத்தினால் கைநடுக்கம், வலிப்பு, இல்லாததெல்லாம் தெரியும் மனக்குழப்பம் வரலாம், உயிரே போகலாம். மாதக்கணக்கில் தூக்க மாத்திரை போடுபவருக்கும் இந்த ஆபத்து உண்டு. வார இறுதியில் ஒரு பீர் குடிப்பதைச் சொல்லவில்லை. காலையில் எழுந்ததும் கை நடுங்குகிறதா, குடித்தால்தான் அடங்குகிறதா என்று பாருங்கள். அப்படியிருந்தால் வீட்டில் வைத்து நிறுத்தாதீர்கள், அறையில் பூட்டிவைக்கவே வேண்டாம். ஐஸின் போதை இறங்கத் தூக்க மாத்திரை எடுப்பவர்கள் நிறைய. அவன் அலமாரியில் மாத்திரை அட்டை இருந்தால் அதன் பெயரைக் குறித்துக்கொண்டு, அழைக்கும்போது அதையும் சொல்லுங்கள்.