நான் கேட்கவில்லை, அவளே சொன்னாள்

மதிப்பிற்குரிய அம்மாவுக்கு,

எனக்கு 40 வயது. ஊர் தங்கச்சிமடம் பக்கம். ஐஸ் கம்பெனியில் கணக்கு பார்க்கிறேன். வீட்டுக்காரர் விசைப்படகில் தொழிலுக்குப் போகிறவர். பெண் பிளஸ் டூ முடிக்கப் போகிறாள், பையன் இரண்டாம் வகுப்பு. பி.காம். முடித்ததுமே சட்டம் படிக்க ஆசைப்பட்டேன். அப்பா தவறிவிட்டதால் தம்பி தங்கைகளுக்காக வேலைக்குப் போனேன். போகச் சொல்லி யாரும் சொல்லவில்லை. வேண்டாம் என்றும் யாரும் சொல்லவில்லை.

சில வருஷம் முன்பு இவர் போன படகு பிடிபட்டு, யாழ்ப்பாணம் ஜெயிலில் வைத்தார்கள். ஊர்காவற்றுறை கோர்ட்டில் அடுத்த வாய்தா எப்போது என்று கேட்கக்கூட ஆள் தெரியாமல் அலைந்தேன். அப்போது பழைய ஆசை திரும்ப வந்தது. இராமநாதபுரத்திலேயே அரசு சட்டக் கல்லூரி இருக்கிறது. ஆனால் மாமியார், "பேரன் எடுக்கிற வயசுல காலேஜா?" என்கிறார். இத்தனை வருஷம் அவருக்குச் செய்ததெல்லாம் எங்கே போனது? நாத்தனார் குடும்ப வாட்ஸ்அப்பில் "வக்கீலம்மா" என்று கேலி செய்கிறாள். இவரோ "உன் இஷ்டம்" என்று சொல்லிவிட்டு எழுந்து போகிறார்.

பெண் ஒருத்திதான் என் பக்கம். பஸ்ஸில் போய்வர நேரமாகுமே, தம்பியை யார் பார்ப்பது என்று பேச்சு வந்தபோது, "நான் ஒரு வருஷம் கழிச்சு காலேஜ் சேர்ந்துக்கறேம்மா, தம்பியை நான் பார்த்துக்கறேன்" என்றாள். நான் கேட்கவில்லை, அவளே சொன்னாள். அந்தச் சின்னப் பெண்ணுக்கு இருக்கிற மனசு மாமியாருக்கு இல்லையே! வேலையை விட்டால் வருமானம் போகும். படித்து முடித்து பார் கவுன்சிலில் வக்கீலாகப் பதிவு செய்யவே ஆயிரக்கணக்கில் ஆகும் என்கிறார்கள். இவர்கள் வாயை எப்படி அடைப்பது? நான் படிக்கலாமா, கூடாதா?

* * *

அன்புச் சகோதரிக்கு,

மாமியார் உங்கள் கடிதத்தில் திரும்பத் திரும்ப வருகிறார். மகள் ஒரே ஒரு இடத்தில், உங்கள் பக்கம் நிற்கும் சாட்சியாக வருகிறாள். நான் அங்கேதான் நின்றுவிட்டேன். "நான் கேட்கவில்லை, அவளே சொன்னாள்" என்கிறீர்கள். சரி, நீங்கள் என்ன பதில் சொன்னீர்கள்? அதை எழுதவில்லை.

உங்களையும் அன்று யாரும் கேட்கவில்லை. வேண்டாம் என்று சொல்லவும் ஆளில்லை. அந்த வலி இன்னும் ஆறாமல் இருப்பதால்தானே இந்தக் கடிதமே. வீட்டில் தினமும் நடக்கும் பேச்சைக் கேட்கிற பெண், தன்னால் கொடுக்க முடிந்தது ஒரு வருஷம் என்று கணக்குப் போட்டிருக்கிறாள். அதை நல்ல மனசு என்று மட்டும் பார்க்க எனக்கு முடியவில்லை. உங்களுக்கும் அது உள்ளுக்குள் உறுத்துகிறது என்றே நினைக்கிறேன். இல்லாவிட்டால் "நான் கேட்கவில்லை" என்று சேர்த்து எழுதியிருக்க மாட்டீர்கள்.

படிக்க வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. ஜெயிலில் இருந்த கணவருக்காக அலைந்த பெண் சட்டம் படிப்பது அந்தக் கரைக்கே தேவை. ஆனால் நீங்கள் சண்டை போடுவது கேலி செய்கிறவர்களோடு. பையனைப் பார்த்துக்கொள்ள வேண்டியவரோடு பேசவே இல்லை.

உங்கள் வீட்டுக்காரரிடம் இதுவரை அனுமதிதான் கேட்டிருக்கிறீர்கள். அனுமதிக்கு "உன் இஷ்டம்" என்பதே போதும். வேலையில் பங்கு கேளுங்கள். உங்கள் பக்கம் விசைப்படகுக்கு வாரத்தில் மூன்று நாள்தான் தொழில், ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை தடைக்காலம் வேறு. கரையில் இருக்கும் நாளிலும் வலை, இன்ஜின் என்று வேலை இருக்கும், தெரியும். ஆனாலும் கடலுக்குப் போக அனுமதி டோக்கன் போடாத நாளில், பள்ளி விட்டு வரும் பையன் அப்பாவின் பொறுப்பு என்றால், அதற்கு "உன் இஷ்டம்" என்று சொல்லிவிட்டுப் போக முடியாது.

கடலுக்குப் போகிற நாளில்? மாமியாரைத்தான் கேட்க வேண்டும். வாயை அடைக்க வழி கேட்டீர்கள், நான் அவரிடமே உதவி கேட்கச் சொல்கிறேன். கசப்பாக இருக்கும். அவர் மறுக்கவும் செய்யலாம். ஆனால் நீங்கள் இன்னும் கேட்டே பார்க்கவில்லை என்றுதான் கடிதத்திலிருந்து தெரிகிறது. அவருக்குச் செய்ததை எண்ணிக் காட்டாமல் கேளுங்கள்.

பணத்தைப் பொறுத்தவரை, கவலைப்பட வேண்டிய இடம் வேறு. பதிவுக்குச் சட்டத்தில் உள்ள 750 ரூபாய்க்கு மேல் வாங்கக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2024-லேயே சொல்லிவிட்டது. வேலைதான் பெரிய விஷயம். சட்டப் படிப்பு அஞ்சல் வழியிலோ மாலை வகுப்பாகவோ கிடையாது, ஒவ்வொரு பாடத்திலும் 70 சதவீதம் வருகை வேண்டும். முழுநேர வேலையோடு இது ஒத்துவராது. முடித்த பிறகும் ஜூனியராக முதல் சில வருஷம் வருமானம் சொற்பம்தான். அந்த ஆண்டுகளை வீடு எப்படித் தாங்கும் என்று கணவரோடு உட்கார்ந்து காகிதத்தில் எழுதிப் பாருங்கள்.

அதற்கு முன்னால் மகளிடம், "நீ வீட்டில் இருக்க வேண்டாம், இந்த வருஷமே சேர்" என்று சொல்லுங்கள். சொல்லிவிட்டு அவள் முகத்தைக் கவனியுங்கள். நிம்மதி தெரிந்தால் விஷயம் முடிந்தது. பதற்றம் தெரிந்தால், அவளுக்கே கல்லூரி பற்றி ஏதோ பயம் இருக்கலாம். அதைத் தனியாகப் பேசுங்கள், உங்கள் படிப்போடு முடிச்சுப் போடாதீர்கள்.

பையனுக்கு ஆள் அமையாவிட்டால் உங்கள் விண்ணப்பத்தை அடுத்த வருஷத்துக்குத் தள்ளிப் போடுங்கள். மூன்றாண்டுப் படிப்புக்கு இங்கே வயது உச்சவரம்பு கிடையாது, நுழைவுத் தேர்வும் இல்லை, உங்கள் பி.காம். மதிப்பெண்தான் கணக்கு. அவளுடைய விண்ணப்பம் மட்டும் இந்த வருஷமே போகட்டும்.