சைக்கிளில் போனால் பெட்ரோல் விலை இறங்குமா?

கேள்வி: பெட்ரோல் விலை ஏறினால் கட்சிக்காரர்கள் ஒருநாள் சைக்கிள் ஊர்வலம் போகிறார்கள், மறுநாள் காரில் ஏறிவிடுகிறார்கள். அவர்களை விட்டுவிட்டு நாம் எல்லோரும் நிரந்தரமாகச் சைக்கிளுக்கு மாறிவிட்டால் அரசு வழிக்கு வந்துவிடாதா? (வாசகர் ஒருவர், உச்சிப்புளி)

பதில்: வராது. ஆனால் உங்கள் கோபம் நியாயமானது, அதனால் கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன்.

1973 நவம்பரில் விலை உயர்வைக் கண்டித்து வாஜ்பாய் மாட்டுவண்டியில் நாடாளுமன்றம் போனார். 2021 ஆகஸ்டில் ராகுல் காந்தியும் எதிர்க்கட்சி எம்.பி.க்களும் அதே நாடாளுமன்றத்துக்குச் சைக்கிளில் போனார்கள். நடுவில் இரண்டு தரப்பும் ஆட்சியில் இருந்தாகிவிட்டது. பெட்ரோல் விலையை எண்ணெய் நிறுவனங்கள் கையில் விட்டது 2010-ல் காங்கிரஸ் ஆட்சி, டீசலை விட்டது 2014-ல் பா.ஜ.க. ஆட்சி. 2020-ல் கச்சா எண்ணெய் அடிமாட்டு விலைக்கு விழுந்ததே, அப்போதாவது நமக்குக் குறைந்ததா? மத்திய கலால் வரியை லிட்டருக்கு 32.98 ரூபாய்க்கு ஏற்றி அந்தப் பலனை அப்படியே எடுத்துக்கொண்டார்கள். 2022 மே மாதம் அது 19.90-க்கு இறங்கியபோதும், மாநிலங்களோடு பங்கிட வேண்டிய அடிப்படை வரி அதில் 1.40 ரூபாய்தான், மீதியெல்லாம் மாநிலங்களுக்குப் பங்கு தர வேண்டாத செஸ், கூடுதல் வரி. தமிழக அரசு 2021 பட்ஜெட்டில் மூன்று ரூபாய் குறைத்தது, அதைச் சொல்லியாக வேண்டும். ஆனால் ஜிஎஸ்டிக்குள் கொண்டுவரும் பேச்சு வந்தபோது மாநிலங்களும் சம்மதிக்கவில்லை.

ஆட்சியில் இருப்பவர்கள் எதற்குப் பயப்படுகிறார்கள் என்பது 2022-ல் தெரிந்தது. உத்தரப்பிரதேசம் உட்பட ஐந்து மாநிலத் தேர்தல் முடியும்வரை நான்கு மாதத்துக்கு மேல் விலை அசையவில்லை, முடிந்ததும் மார்ச் 22-ல் தொடங்கி 16 நாளில் பத்து ரூபாய் ஏறியது. ஓட்டுக்குப் பயப்படுகிறார்கள், நம் சைக்கிளுக்கு இல்லை.

சரி, மாறுவது என்றால் நம் கரையில் யார் மாறுவது? விடிவதற்குள் ஏலத்தில் மீன் எடுத்து, எக்ஸெல் வண்டியில் ஐஸ் பெட்டியைக் கட்டிக்கொண்டு பத்து ஊர் சுற்றி விற்கிறவரால் முடியாது, அவர் போய்ச் சேர்வதற்குள் மீன் கெட்டுவிடும். கடலுக்குப் போகும் படகுக்கு டீசலை விட்டால் வேறு வழியே இல்லை. உங்கள் ஊரிலிருந்து ராமநாதபுரம் பதினைந்து கிலோமீட்டருக்கு மேல், ஆடிக்காற்றில் எதிர்த்து மிதித்துப் போய் நாள் முழுக்கக் கடையில் நின்று வேலை பார்க்கிற பெண்ணிடம் சைக்கிளில் வா என்று சொல்ல எனக்கு மனசு வரவில்லை. அவளுக்கு நேரத்துக்கு ஒரு பஸ் வேண்டும்.

அப்புறம், மாறச் சொல்லாமலே சைக்கிளில் போகிறவர்கள் இங்கே ஏராளம். வாலிநோக்கம் பக்கம் உப்பளத்துக்குப் போகிறவர்கள், சித்தாள் வேலைக்குப் போகிறவர்கள், பதினோராம் வகுப்பில் அரசு கொடுத்த சைக்கிளில் பள்ளிக்குப் போகிற பிள்ளைகள். இருபது வருஷமாக எந்த ஆட்சி வந்தாலும் சைக்கிள் கொடுக்கிறார்கள், நல்ல திட்டம், நான் மனதாரப் பாராட்டுவேன். ஆனால் அந்தப் பிள்ளை எதில் ஓட்டும்? கிழக்குக் கடற்கரைச் சாலையில் பல இடங்களில் தார் முடிந்ததும் மணல், மணலுக்கு அந்தப் பக்கம் உடைமரம். ஓரம் இறங்கினால் கருவேல முள் ஏறி பஞ்சர், இறங்காவிட்டால் முதுகுக்குப் பின்னால் ராமேஸ்வரம் போகிற சுற்றுலா வேன். சைக்கிள் கொடுத்த அரசுக்கு அதை ஓட்ட ஒரு கெஜம் தார் போட முடியாதா?

ஹாலந்திலும் 1973 எண்ணெய் நெருக்கடியில் ஞாயிற்றுக்கிழமை கார் ஓட்டத் தடை போட்டார்கள். அதோடு விட்டிருந்தால் அதுவும் ஒரு ஊர்வலமாகவே போயிருக்கும். சாலையில் குழந்தைகள் சாகிறார்கள் என்று பெற்றோர்கள் ஏற்கனவே தெருவில் இறங்கிப் போராடிக்கொண்டிருந்தார்கள், அந்த நெருக்குதலில்தான் தனிப்பாதைகள் வந்தன, இன்று அங்கே அமைச்சர்கள்கூட சைக்கிளில் போகிறார்கள்.

அதனால் அடுத்த தடவை சைக்கிளோடு உங்கள் தெருவுக்கு வருகிற கட்சிக்காரரை, அவர் எந்தக் கட்சியாக இருந்தாலும், நிறுத்தி இரண்டே கேள்வி கேளுங்கள்: ஆட்சிக்கு வந்தால் வரியில் எத்தனை ரூபாய் குறைப்பீர்கள்? பள்ளிக்கூடத்திலிருந்து ஊர்வரைக்கும் சாலையோரத்தில் சைக்கிளுக்கு இடம் எப்போது வரும்? இரண்டாவதை அவருக்காகக் காத்திருக்காமல் நீங்களே தொடங்கலாம். அடுத்த கிராம சபையில் முள்ளை வெட்டவும் ஓரத்துக்குத் தார் போடவும் தீர்மானம் போட்டு ஆட்சியருக்கு அனுப்புங்கள், நகலை எங்களுக்கும் அனுப்புங்கள், இதே பக்கத்தில் போடுகிறேன்.