ஃபார்மேட் செய்யாமல் விண்டோஸ் 11க்கு மாறலாமா?

கேள்வி: 2018இல் வாங்கிய, இன்டெல் எட்டாம் தலைமுறை ஐ5 மடிக்கணினியில் விண்டோஸ் 10 இயங்குகிறது. கணக்கு மென்பொருளும், பக்க வடிவமைப்புக்கான பழைய தமிழ் எழுத்துருக்களும் அதில் உள்ளன. விண்டோஸ் 11 வேண்டுமானால் ஃபார்மேட் செய்துதான் ஆகவேண்டும் என்கிறார் பழுதுபார்ப்பவர். உண்மையா?

பதில்: பெரும்பாலும் தேவையில்லை. அவர் சொல்வது ஒரு நிலையில் மட்டும் சரி: உங்களிடம் இருப்பது 32 பிட் விண்டோஸ் 10 என்றால், விண்டோஸ் 11 64 பிட்டாக மட்டுமே வருவதால், புதிதாகத்தான் நிறுவ வேண்டும். செட்டிங்ஸில் சிஸ்டம், அபவுட் என்று சென்றால் எது என்று தெரிந்துவிடும். விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்று முடிந்துவிட்டதால், மாறும் எண்ணம் சரியானதே.

முதலில் மைக்ரோசாஃப்டின் பிசி ஹெல்த் செக் செயலியை ஓட்டிப் பாருங்கள். எட்டாம் தலைமுறை ஐ5 ஏற்கப்படும். 4 ஜிபி ராம், 64 ஜிபி சேமிப்பிடம் என்ற குறைந்தபட்ச அளவும் உங்களுக்குத் தடையாக இராது. விண்டோஸ் 11 கேட்கும் டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு வசதி இல்லை என்று செயலி சொன்னால் பதற வேண்டாம். அது அணைத்து வைக்கப்பட்டிருக்கலாம். பயாஸில் (கணினி துவங்கும்போதே திறக்கக்கூடிய அமைப்புத் திரை) இன்டெல் பிடிடி என்ற பெயரில் இருப்பதை இயக்கினால் போதும். ஆனால் பயாஸில் கைவைக்கும் முன் வட்டிலுள்ள தரவைப் பூட்டி வைக்கும் பிட்லாக்கர் அல்லது டிவைஸ் என்கிரிப்ஷன் இயங்குகிறதா என்று பார்த்து, இயங்கினால் அதன் மீட்புச் சாவியை வேறிடத்தில் எழுதி வையுங்கள். அந்த 48 இலக்க எண் கைவசம் இல்லாமல் மாட்டிக்கொள்கிறவர்கள் பலர்.

முன்பு யாரேனும் விண்டோஸை லெகஸி என்ற பழைய துவக்க முறையில் நிறுவியிருந்தால், விண்டோஸ் 11 எதிர்பார்க்கும் செக்யூர் பூட் என்ற பாதுகாப்பான துவக்க வசதி வேலை செய்யாது. அதற்காகவும் ஃபார்மேட் வேண்டாம். விண்டோஸ் 10இலேயே உள்ள எம்பிஆர்2ஜிபிடி என்ற கருவி, தரவை அழிக்காமல் வட்டின் அமைப்பை மாற்றித் தரும். அது முடிந்தபின் பயாஸில் யுஇஎஃப்ஐ என்ற புதிய துவக்க முறைக்கு மாற்ற வேண்டும்.

இனி முக்கியமான இடம். மென்பொருள்கள் நிலைக்க வேண்டுமானால், மேம்படுத்தலை ஓடிக்கொண்டிருக்கும் விண்டோஸ் 10க்குள்ளிருந்தே தொடங்க வேண்டும். விண்டோஸ் அப்டேட் வழியாக வந்தால் அதையே ஏற்கலாம். இல்லையேல் விண்டோஸ் 11இன் நிறுவல் கோப்புகள் அடங்கிய ஐஎஸ்ஓ கோப்பை இறக்கித் திறந்து அதிலுள்ள செட்டப்பை இயக்கலாம். பென்டிரைவிலிருந்து கணினியைத் துவக்கினால் மென்பொருள்களை வைத்துக்கொள்ளும் வாய்ப்பே கிடைக்காது. பழுதுபார்க்கும் கடைகளில் வழக்கமாகச் செய்வது இதுதான் என்பதால், ஃபார்மேட் கட்டாயம் என்ற எண்ணமும் அங்கிருந்தே வந்திருக்க வேண்டும். செட்டப் இறுதியில் காட்டும் பக்கத்தில் "கீப் பர்சனல் ஃபைல்ஸ் அண்ட் ஆப்ஸ்" என்பதே தேர்வாகியிருக்க வேண்டும். அது மங்கிக் கிடந்தால் மேலே செல்லாதீர்கள். பெரும்பாலும் மொழி ஒத்துவராததே காரணம்: அமெரிக்க ஆங்கில விண்டோஸுக்கு "இங்கிலீஷ் இன்டர்நேஷனல்" ஐஎஸ்ஓவை இறக்கியிருப்பார்கள். சரியான மொழிக்கான கோப்பை இறக்கினால் தேர்வு திரும்ப வரும்.

எழுத்துருக்கள் அப்படியே வந்துவிடும். பழைய தமிழ்த் தட்டச்சு மென்பொருளைப் பற்றி மட்டும் அத்தனை உறுதியாகச் சொல்ல முடியாது; அதன் நிறுவல் கோப்பும் உரிம எண்ணும் கையில் இருக்கட்டும். கணக்குத் தரவுக் கோப்புறையை வெளி வட்டில் நகலெடுத்து, அந்த நகலை வேறொரு கணினியில் திறந்தும் பாருங்கள். திறக்காத நகலால் பயனில்லை.

பழைய அமைப்பு விண்டோஸ்.ஓல்ட் என்ற கோப்புறையில் பத்து நாட்கள் இருக்கும். அதற்குள் செட்டிங்ஸில் ரிகவரி பகுதியிலிருந்து விண்டோஸ் 10க்குத் திரும்பலாம். ஆகவே இடம் போதவில்லை என்று அதை உடனே அழித்துவிடாமல், அந்தப் பத்து நாட்களுக்குள் ஒரு விலைப்பட்டியலையும் ஒரு வடிவமைப்புப் பக்கத்தையும் அச்சிட்டுச் சரிபார்த்துவிடுங்கள்.