கொம்பு தனியே நின்ற வரி

அன்புள்ள ஐயா,

பன்னிரண்டு ஆண்டுகளாக மொழிபெயர்ப்பாளராக வேலை பார்க்கிறேன். கடந்த இரண்டு ஆண்டுகளில் என் தொழில் அடியோடு மாறிவிட்டது. இப்போது இயந்திரம் மொழிபெயர்க்கிறது, நான் அதைத் திருத்துகிறேன். இந்தக் காலம் முழுவதும் ஊகப்புனைவுகளை, அதாவது 'இப்படி ஆனால் என்ன ஆகும்' என்று வேறோர் உலகத்தையோ வருங்காலத்தையோ கற்பனை செய்யும் கதைகளை, மட்டுமே வாசித்து வருகிறேன். ஆக்டேவியா பட்லர் 1993இல் வெளியிட்ட 'பாரபிள் ஆஃப் தி சோவர்' நாவலின் முதல் நாட்குறிப்பு 2024 ஜூலையில் தொடங்குவதைக் கண்டு திகைத்துப்போனேன். அன்றிலிருந்து ஒரு நோட்டில் 'பலித்தவை', 'பலிக்காதவை' என்று இரண்டு பத்திகள் போட்டு எழுதி வருகிறேன். ஆங்கில எழுத்தாளர் எச். ஜி. வெல்ஸ் 1914லேயே 'தி வேர்ல்ட் செட் ஃப்ரீ' நாவலில் அணுகுண்டை எழுதிவிட்டார் என்பது முதல் பத்தியில் முதல் வரி. வீட்டில் இருப்பவர்கள் நான் நிஜத்துக்கு முகம் கொடுக்காமல் ஓடி ஒளிகிறேன் என்கிறார்கள். அது உண்மையா? ஊகப்புனைவு, அறிபுனைவு ஆகியவற்றில் எந்தச் சொல் சரி? அடுத்து எவற்றை, எந்த வரிசையில் வாசிக்கலாம்? தொடக்கத்தில் இயந்திரத்தின் வாக்கியங்கள் என்னை மிகவும் உறுத்தின. இப்போது பெரும்பாலானவற்றை அப்படியே விட்டுவிடுகிறேன். வாசிக்க நேரம் கிடைப்பதும் அதனால்தான்.

அன்புடன்,
ம.

அன்புள்ள ம.,

உங்கள் கேள்விகளுக்காக மட்டும் என்றால் இந்தக் கடிதத்தை அடுத்த மாதத்துக்குத் தள்ளி வைத்திருப்பேன். போகிற போக்கில் கடைசியில் எழுதியிருக்கிறீர்களே, இயந்திரத்தின் வாக்கியங்களை அப்படியே விட்டுவிடுகிறேன் என்று, அந்த வரிதான் என்னை உட்கார வைத்தது. சில வாரங்களாக நானும் அதையே சுற்றி வந்துகொண்டிருக்கிறேன். அதற்குப் பிறகு வருகிறேன்.

முதலில் அந்த நோட்டை மூடி வையுங்கள். பன்னிரண்டு ஆண்டுகள் சொற்களோடு வாழ்ந்த ஒருவர், நாவலைச் சோதிடரின் வாக்கைப்போல் பலித்ததா பலிக்கவில்லையா என்று சரிபார்த்துக்கொண்டிருப்பது எனக்கு வருத்தமாக இருக்கிறது, கொஞ்சம் கோபமாகவும் இருக்கிறது. பட்லர் நாள் குறித்துக் குறி சொல்லவில்லை. தம் காலத்தில் கண்டவை தடுப்பாரின்றி இப்படியே போனால் எங்கே போய் நிற்கும் என்று யோசித்தார், அவ்வளவுதான். வெல்ஸின் அணுகுண்டை முதல் வரியில் எழுதியிருக்கிறீர்கள். அதே நாவலில் அந்தக் குண்டை விமானத்திலிருந்து ஒருவர் கையால் தூக்கிப் போடுகிறார், அது நாள்கணக்கில் ஓயாமல் வெடித்துக்கொண்டே இருக்கிறது. இதை எந்தப் பத்தியில் எழுதுவீர்கள்? அர்சுலா லெ குவின் தம் 1969ஆம் ஆண்டு நாவல் ஒன்றுக்கு 1976இல் எழுதிய முன்னுரையில், இவ்வகை எழுத்து வரப்போவதை உரைப்பதில்லை, இருப்பதை விவரிக்கிறது என்று தெளிவாகச் சொல்லியிருக்கிறார். நான் கூடுதலாகச் சொல்ல அதில் ஒன்றுமில்லை.

ஓடி ஒளிவதைப் பற்றிக் கேட்டிருக்கிறீர்கள். 1815இல் தம்போரா எரிமலை வெடித்ததன் விளைவாக மறு ஆண்டில் ஐரோப்பாவில் கோடையே வரவில்லை. குளிரும் மழையும் விடாமல் இருந்ததற்குக் காரணம் அங்கே யாருக்கும் தெரியாது. அந்த இருண்ட கோடையில் ஜெனீவா ஏரிக்கரையில் ஒரு வீட்டுக்குள் அடைபட்டிருந்த பதினெட்டு வயதுப் பெண் எழுதத் தொடங்கியதுதான் 'ஃபிராங்கன்ஸ்டைன்'. மேரி ஷெல்லி ஓடி ஒளிந்தாரா என்று உங்கள் வீட்டாரிடம் கேளுங்கள். பெயர் விவகாரத்தில் எனக்கு ஆர்வமில்லை, உங்கள் வாய்க்கு வசதியானதைச் சொல்லுங்கள்.

இப்போது அந்த வரிக்கு வருகிறேன். வெல்ஸின் கனவுலகங்களில் ஒன்றுக்கு எதிர்வினையாகத்தான் இ. எம். ஃபார்ஸ்டர் 1909இல் 'தி மெஷின் ஸ்டாப்ஸ்' என்ற கதையை எழுதினார். மனிதர்கள் பூமிக்கடியில் ஆளுக்கோர் அறையில் வாழ்கிறார்கள், எல்லாத் தேவைகளையும் இயந்திரமே நிறைவேற்றுகிறது, ஒருவர் முகத்தை ஒருவர் ஒரு தட்டில் பார்த்துப் பேசுகிறார்கள். இந்தக் கதையைப் பற்றிப் பேசுகிறவர்கள் எல்லாரும் அந்தத் தட்டோடு நின்றுவிடுகிறார்கள், இன்றைய காணொளி அழைப்பை அன்றே கண்டுவிட்டாரே என்று வியந்து கலைகிறார்கள். நீங்களும் அதைத்தான் உங்கள் நோட்டில் குறித்திருப்பீர்கள். அந்தத் தட்டில் முகபாவத்தின் நுட்பங்கள் தெரிவதில்லை, ஆளைப் பற்றிய ஒரு பொதுவான எண்ணம்தான் கிடைக்கிறது, காரியத்துக்கு அது போதும் என்று மகனோடு பேசிக்கொண்டிருக்கும் தாய் நினைக்கிறாள் என்பதை யாரும் சொல்வதில்லை. எனக்குக் கதையின் உயிர் அந்தப் 'போதும்' என்ற இடத்தில் இருக்கிறது. பிற்பகுதியில் இயந்திரம் பழுதாகத் தொடங்குகிறது. இசையில் இரைச்சல் கலக்கிறது, செயற்கைப் பழங்களில் பூசணம் பிடிக்கிறது, குளிக்கும் நீர் நாறுகிறது, கவிதை இயந்திரம் தரும் எதுகைகள் பிசகுகின்றன. கவனியுங்கள், 1909இல் கவிதை இயந்திரம்! அந்த வியப்பையும் ஒதுக்கிவிட்டு அடுத்து வருவதைப் பாருங்கள். ஒவ்வொரு பழுதுக்கும் முதலில் கடுமையாக முறையிடுகிறார்கள். பிறகு ஏற்றுக்கொள்கிறார்கள். பிறகு அது பழுது என்பதே நினைவிலிருந்து போய்விடுகிறது. அறைகள் இடிந்து விழுவது இதற்கெல்லாம் பின்னால்தான்.

மாறுதலின் காலத்தில் இத்தகைய கதைகள் நமக்குச் செய்யக்கூடியது இதுதான் என்று நான் நெடுநாளாகச் சொல்லி வருகிறேன், கேட்பவர்கள் சலித்துக்கொள்ளும் அளவுக்குச் சொல்லி வருகிறேன். பெரிய நிகழ்வை எழுத வரலாற்றாசிரியர்கள் இருக்கிறார்கள். ஒரு மாறுதல் எந்த நாளில் நம் கண்ணை உறுத்துவதை நிறுத்தியது என்பதை எந்த ஆவணமும் பதிவு செய்வதில்லை, ஏனென்றால் பதிவு செய்ய வேண்டியவரே அதற்குள் பழகிப்போயிருப்பார். ஊகப்புனைவின் பாத்திரங்கள் தம் உலகத்தைக் கண்டு வியப்பதில்லை, அதில் பிறந்து வளர்ந்தவர்கள் அவர்கள். அவர்கள் வியக்காத இடத்திலெல்லாம் வாசிக்கும் நமக்கு உறுத்துகிறது. அந்த உறுத்தலோடு புத்தகத்திலிருந்து தலையைத் தூக்கி நம் மேசையைப் பார்க்க வேண்டும். நீங்களோ நோட்டைப் பார்த்தீர்கள்.

உங்களைக் கடிந்துகொள்ள எனக்குத் தகுதி இருக்கிறதா என்றால், இல்லை. என் இருபதுகளின் நடுவில் ஓர் அச்சகத்தில் மெய்ப்புத் திருத்துபவனாக இருந்தேன். ஈய எழுத்துகளைக் கையால் கோத்த காலத்தின் கடைசி ஆண்டுகள் அவை. அங்கே ஒரு மூத்த கம்பாசிட்டர் இருந்தார். தலைகீழாகவும் இடவலம் மாறியும் நிற்கும் ஈய வரியை நாம் நாளிதழ் வாசிக்கும் வேகத்தில் வாசிப்பார், என் திருத்தங்களில் பாதியை நான் குறிப்பதற்கு முன்பே கண்டுபிடித்துவிடுவார். கணினி வந்தது, எழுத்துப் பெட்டிகள் எடைக்குப் போயின, அவர் வேலையை விட்டுப் போனார். தொடக்ககால எழுத்துருக்களில் கொம்பு தனி எழுத்தாக இருந்ததால், கணினி வரியை உடைக்கும்போது ஒற்றைக்கொம்பு ஒரு வரியின் கடைசியில் தனியே நிற்கும், அதற்குரிய எழுத்து அடுத்த வரியின் தொடக்கத்தில் மொட்டையாக இருக்கும். முதல் சில மாதங்கள் ஒவ்வொன்றையும் சிவப்பு மையால் வட்டமிட்டேன், கணினியில் இருந்தவரோடு சண்டை போட்டேன், முதலாளியிடம் முறையிட்டேன். ஒரு வரியைச் சரிசெய்தால் அடுத்த வரி உடைகிறது என்றார்கள். பிறகு தலைப்புகளில் மட்டும் பார்த்துக்கொள்வது என்று ஆயிற்று.

ஓராண்டு கழிந்திருக்கும். அந்தப் பெரியவர் ஒரு நாள் அச்சகத்துக்கு வந்தார், கையில் நாங்கள் அச்சிட்ட ஓர் இதழ். ஒரு பக்கத்தைப் பிரித்து என் முன்னால் வைத்தார். ஏழெட்டு இடங்களில் பென்சிலால் மெல்லிய கோடு போட்டிருந்தார்.

"இதையெல்லாம் நீ பார்க்கலையா தம்பி?" என்றார்.

வேலை நெருக்கடி, நேரமில்லை என்று ஏதோ சொன்னேன். உண்மை என்னவென்றால் அந்தக் கொம்புகள் என் கண்ணில் படவே இல்லை. பார்த்தும் விட்டிருந்தால் அதைச் சோம்பல் என்று சொல்லிக்கொண்டிருக்கலாம். எந்த நாளிலிருந்து அவை என் கண்ணுக்குத் தெரியாமல் போயின என்று இத்தனை ஆண்டுகளாக யோசித்துப் பார்க்கிறேன், அந்த நாள் எனக்கு அகப்படவில்லை. அவர் இதழை என்னிடமே விட்டுவிட்டுப் போனார். திட்டியிருந்தால் மறந்திருப்பேன்.

ஃபார்ஸ்டரின் கதையை அதற்குச் சில ஆண்டுகள் கழித்துத்தான் வாசித்தேன். பிசகிய எதுகைகளைப் பற்றிய அந்தப் பத்தியில் எனக்கு அந்தப் பென்சில் கோடுகள் தெரிந்தன. உங்கள் கடிதத்தின் கடைசி வரியிலும் தெரிந்தன. ஆனால் நீங்கள் என்னைவிட ஒருபடி மேல், விட்டுவிடுகிறோம் என்பதாவது உங்களுக்கு இன்னும் தெரிந்திருக்கிறது. அது எத்தனை மாதங்களுக்குத் தெரியும் என்பதுதான் என் கவலை. ஆகவே இரக்கத்தோடும் அவசரத்தோடும் கேட்கிறேன்: முதல் மாதத்தில் உங்களை உறுத்தி, இன்று அப்படியே போகவிடுகிற வாக்கிய வகைகள் எவை? எந்த வினைமுடிவு, எந்தச் சொல்வரிசை, எந்த அசட்டு உவமை? அந்த நோட்டின் இரண்டு பத்திகளையும் அடித்துவிட்டு அவற்றை எழுதுங்கள்.

வாசிக்க வேண்டிய வரிசையைக் கேட்டிருந்தீர்கள், மறந்தே போனேன். ஃபார்ஸ்டரின் கதை சிறியது, ஓர் இரவுக்குள் முடித்துவிடலாம். அடுத்ததை உங்கள் பட்டியல் வந்த பிறகு சொல்கிறேன், குறைந்தது பத்து வாக்கியங்களாவது இருக்கட்டும்.